தைத்த படகு, தார் பூசிய குடுவை, சிப்பிக் காசு: சூமாஷ் மக்கள் பற்றி வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கலிபோர்னியாவின் பூர்வகுடிகளில் ஒருவரான சூமாஷ் மக்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பெரும்பாலானவை "எப்படிச் செய்தார்கள்?" என்ற கேள்விகள். அதனால் பொருள்களுக்கும் செய்முறைக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறோம். பெயரின் முதல் எழுத்தை 'பச்சை'யில் வரும் வல்லின ஓசையோடு படிக்கவும்.

கே: சூமாஷ் மக்கள் எங்கே வாழ்ந்தார்கள்? 'அழிந்துபோன இனம்' என்று ஒரு நூலில் படித்தேன். உண்மையா?

ப: உண்மையல்ல. அவர்கள் இன்றும் தங்கள் மண்ணில்தான் இருக்கிறார்கள். கடற்கரையில் தெற்கே மாலிபுவில் தொடங்கி, வடக்கே சான் லூயிஸ் ஒபிஸ்போவையும் தாண்டி பாசோ ரோப்ளெஸ் வட்டாரம் வரை அவர்களுடைய நாடு. உள்நாட்டில் சான் வாக்கீன் பள்ளத்தாக்கின் மேற்கு விளிம்பைத் தொடும். கடலில் சான் மிகேல், சாண்டா ரோசா, சாண்டா குரூஸ், அனகாபா ஆகிய நான்கு தீவுகளும் அவர்களுடையவை. சாண்டா குரூஸின் சூமாஷ் பெயர் லிமு. சாண்டா ரோசாவின் பெயர் விமா.

ஒரே மொழி பேசிய ஒரே கூட்டம் என்றும் நினைக்க வேண்டாம். குறைந்தது ஆறு மொழிகள் இருந்தன. தீவுக்காரர் பேச்சு சான் லூயிஸ் ஒபிஸ்போக்காரருக்குப் புரியாது. 'சூமாஷ்' என்பதுகூட முதலில் சிப்பிக் காசு செய்த தீவு மக்களைக் குறித்த சொல்தான். பின்னாளில் மானிடவியலர் அதை எல்லோருக்குமான பெயராக விரித்துவிட்டார்கள்.

1542-இல் கப்ரியோவின் ஸ்பானியக் கப்பல்கள் இந்தக் கரைக்கு வந்தன. குடியேற்றம் தொடங்கியது அதற்கு இருநூறு ஆண்டுக்கும் பிறகு. 1772 முதல் 1804 வரை சூமாஷ் நாட்டில் ஐந்து கத்தோலிக்க மிஷன்கள் (மதம் பரப்பும் குடியிருப்புகள்) எழுந்தன. அம்மையும் மற்ற நோய்களும் மிஷன் வாழ்க்கையின் கட்டாய உழைப்பும் மக்களைச் சாய்த்தன. 1824-இல் சாண்டா இனேஸ், லா புரிசிமா, சாண்டா பார்பரா ஆகிய மூன்று மிஷன்களிலும் சூமாஷ்கள் கிளர்ந்து எழுந்தார்கள். இன்று அமெரிக்கக் கூட்டரசின் சட்ட ஏற்பு பெற்ற சூமாஷ் குழு ஒன்றே ஒன்று: சாண்டா இனேஸ் குழு. அதன் ஒதுக்க நிலம் 1901-இல் அமைந்தது. ஏற்பு கிடைக்காத குழுக்கள் கடற்கரை நெடுகிலும் இருக்கின்றன, அவர்களும் சூமாஷ்கள்தான். 2024-இல் 'சூமாஷ் மரபுத் தேசிய கடல் சரணாலயம்' என்ற பெயரில் 4,543 சதுர மைல் கடல் பாதுகாக்கப்பட்ட பகுதியானது. அழிந்துபோனவர்களின் நினைவுக்காக வைத்த பெயர் அன்று அது. இருப்பவர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடிப் பெற்றது.

கே: ஆணி இல்லாமல், உலோகக் கருவி இல்லாமல் பலகைப் படகு கட்டினார்கள் என்கிறார்களே, எப்படி? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

ப: அந்தப் படகின் பெயர் டோமோல். அதன் செய்முறை நம் கைக்கு வந்ததற்கு ஒரு முதியவருக்கு நன்றி சொல்ல வேண்டும். பெர்னாண்டோ லிப்ராதோ என்ற அந்தப் பெரியவரின் சூமாஷ் பெயர் கிட்செபாவிட். மொழியியலர் ஜான் ஹாரிங்டனுக்கு அவர் ஒவ்வொரு படியையும் சொல்லிக் கொடுத்து, 1912-இல் ஒரு டோமோலைக் கட்டியும் காட்டினார். கீழே சொல்வதன் அடிப்படை அந்தக் குறிப்புகள்தான்.

முதலில் மரம். மிகவும் விரும்பியது ரெட்வுட். (செம்மரம் என்று மொழிபெயர்த்தால் வேறு மரம் நினைவுக்கு வரும் என்பதால் ரெட்வுட் என்றே எழுதுகிறோம்.) இந்த மரம் சூமாஷ் நாட்டில் வளர்வதில்லை. வடக்கே ஆறுகளில் விழுந்து, கடலில் மிதந்து, கரையில் ஒதுங்கும் கட்டைகளைத்தான் எடுத்தார்கள். கிடைத்த கட்டை எல்லாம் உதவாது. நேரான வரி ஓட வேண்டும், கணு இருக்கக் கூடாது. கணு உள்ள பலகை வளைக்கும்போது அந்த இடத்தில் பிளக்கும். இல்லாவிட்டால் நாள்பட்டுக் கணு கழன்று துளையாகும். ரெட்வுட் கிடைக்காவிட்டால் பைன்.

ரம்பம் கிடையாது. திமிங்கல எலும்பாலும் மான் கொம்பாலும் செய்த ஆப்புகளை வரியோட்டத்தில் இறக்கிக் கட்டையைப் பிளப்பார்கள். பிளந்த பலகை மேடுபள்ளமாக இருக்கும். அதைச் சிப்பியாலோ கல்லாலோ செய்த வாச்சியால் சீவி, சுமார் ஓர் அங்குலக் கனத்துக்குக் கொண்டுவந்து, சுறாத் தோலால் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். அடிப்பலகை மட்டும் கூடுதல் கனம். அதன் வடிவம் கோணிப்போனால் மேலே வரும் எந்த வரிசையும் சரியாக உட்காராது.

அடிப்பலகை ஓரத்தின்மேல் முதல் வரிசைப் பலகையை நிறுத்த வேண்டும். வளைய வேண்டிய பலகையைக் கொதிநீரில் ஊறவிட்டு, சூடு ஆறுவதற்குள் வளைத்துப் பொருத்துவார்கள். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: முதலில் ஒட்டு, பிறகுதான் தையல். இரண்டு பலகை ஓரங்களுக்கும் நடுவே 'யோப்' என்ற சூடான ஒட்டைத் தடவி அழுத்தி வைத்து, அது இறுகும்வரை காத்திருப்பார்கள். இறுகிய பிறகு மூட்டின் இருபுறமும் எதிரெதிரே இணை இணையாகத் துளை போட்டு, ஒவ்வோர் இணையையும் தனித்தனியாகக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். ஒரே நெடுங்கயிற்றால் ஓடவிட்டுத் தைத்தால் ஓரிடத்தில் அறுந்தாலும் முழு வரிசையும் தளரும். தனித்தனிக் கட்டில் ஒன்று போனால் ஒன்றோடு போகும். துளை பலகை ஓரத்துக்கு மிக அருகில் விழுந்தால் கயிறு இறுகும்போது ஓரம் பிய்ந்துவிடும். தள்ளி விழுந்தால் பிடி போதாது.

கயிறு 'டோக்' என்ற செடியின் நார். ஆங்கிலேயர் இந்தியச் சணல் என்று பெயர் வைத்தார்கள். தண்டு காய்ந்த பிறகு அறுத்து, நசுக்கி, உள் சக்கையை உதறிவிட்டு, மிஞ்சும் நாரைத் தொடையில் வைத்து உருட்டி இரண்டு புரியாக முறுக்குவார்கள். நனைந்தாலும் பலம் குறையாத நார் இது.

பலகை வரிசைகள் ஏறிய பின் கலப்பத்து வேலை, அதாவது மூட்டுச் சந்துகளை அடைக்கும் வேலை. காய்ந்த டூலிக் கோரையின் பஞ்சுபோன்ற உட்பகுதியைச் சந்துகளில் திணித்து, அதன்மேல் யோப் ஊற்றுவார்கள். நீர் பட்டால் கோரை உப்பும். சந்து தானாகவே இறுகும். துளைகளையும் முடிச்சுகளையும் யோப்பால் மூடாமல் விட்டால் கயிறு அலையிலும் மணலிலும் தேய்ந்து அறுந்துபோகும். கடைசியில் உடல் முழுக்கச் செங்காவி கலந்த பூச்சு. அணியத்திலும் பின்முனையிலும் காதுபோல் நிமிர்ந்து நிற்கும் பலகைகளில் அபலோனிச் சிப்பித் துண்டுகளைப் பதிப்பதும் உண்டு.

முழுப் படகுக்கும் உள்ளே விலாச் சட்டம் கிடையாது. நடுவில் ஒரே ஒரு குறுக்குக் கட்டை. பலகைகளைப் பிடித்து நிறுத்துவது ஒட்டும் கயிறும்தான். எங்கள் கண்ணில் இதன் மிகப் பெரிய சாதனை இதுவே: எடை குறைவு, அதனால் அலையைத் தாண்டித் தூக்கி வைக்கலாம், கரையேறியதும் தூக்கிக்கொண்டு போகலாம். நீளம் 8 அடியிலிருந்து 30 அடி வரை. ஒரு படகு முடிய மாதக்கணக்காகும்.

கே: 'யோப்' என்பது வெறும் தார்தானா? கடற்கரையில் கிடைப்பதையே பூசலாமே?

ப: கூடாது. டோமோலின் உயிர் அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

சாண்டா பார்பரா கரையில் கடலடியிலிருந்து எண்ணெயும் தாரும் இயல்பாகவே கசிகின்றன. கோல் ஆயில் முனைக்கு எதிரே மட்டும் நாளொன்றுக்குச் சுமார் 100 முதல் 150 பீப்பாய் எண்ணெய் கசிவதாகக் கணக்கு. அங்கிருந்து கரையொதுங்கும் இளகிய தாருக்கு 'மலாக்' என்று பெயர். காலில் ஒட்டினால் போகாது. ஆனால் இறுகவும் இறுகாது. கூடைக்கோ கருவிப் பிடிக்கோ ஆகலாம், படகுக்கு ஆகாது. நிலத்தில் ஊறி வெளிவந்து கெட்டியான, உடைத்தால் கல்லைப்போல் தெறிக்கும் உயர்தரத் தார் 'வோக்கோ'. இதை உடைத்து உருக்கி, பைன் பிசின் சேர்த்துக் காய்ச்சினால் கிடைப்பது யோப்.

வோக்கோ மட்டும் என்றால் குளிர்ந்த கடல்நீரில் விறைத்து, பலகை அசையும்போது விரிசல் விடும். பிசின் ஒட்டும் தன்மையைக் கூட்டுகிறது. காய்ச்சல் மிஞ்சினாலும் கெட்டதுதான்: இலேசான எண்ணெய்ப் பகுதி ஆவியாகிவிடும், ஆறியதும் கண்ணாடிபோல் நொறுங்கும். சூடு ஆறவிட்டுப் பூசினால் மரத்தின் துளைகளில் இறங்காது, தோலாக உரிந்து வரும். ஆகவே அடுப்பும் படகும் அருகருகே இருக்க வேண்டும்.

1769 ஆகஸ்டில் போர்ட்டோலாவின் ஸ்பானியப் படை இந்தக் கரை வழியே போனபோது, ஒரு சூமாஷ் ஊரில் படகு கட்டுவதைக் கண்டார்கள். படைவீரர்கள் அந்த ஊருக்குத் 'தச்சுப்பட்டறை' என்று பொருள்படும் கார்பின்டீரியா என்ற பெயரை வைத்தார்கள். அங்கே தார் ஊற்றுகள் இன்றும் கசிந்துகொண்டே இருக்கின்றன.

கே: அவ்வளவு செய்தும் நீர் கசியாதா?

ப: கசியும். நீர் இறைக்க என்றே ஓர் ஆள் படகில் இருப்பார். மற்றவர்கள் முழங்காலிட்டு, இருமுனைத் துடுப்பு போடுவார்கள். கடலும் காற்றும் அடங்கியிருக்கும் விடியலுக்கு முன்பே புறப்பட வேண்டும். பிற்பகலில் கரைக்கும் தீவுகளுக்கும் இடையிலான கடற்கால்வாயில் வடமேற்குக் காற்று எழும்பிவிடும். 1976-இல் ஹாரிங்டன் குறிப்புகளைப் பார்த்து 'ஹெலெக்' என்ற டோமோலைக் கட்டி ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு சூமாஷ் குழுவினரே 'எலியேவுன்' என்ற படகைக் கட்டினார்கள். வாள்மீன் என்று பொருள். 2001-இல் அதில் இருபது மைலுக்கு மேல் துடுப்புப் போட்டு லிமுவில் கரையேறினார்கள். வழியில் ஆள் மாற்றிக்கொள்ளத் துணைப்படகு கூடவே வந்தது. தலைமுறைகளாக நின்றுபோன கடற்பயணம் மீண்டும் தொடங்கிய நாள் அது.

கே: தார் பூசிய குடுவையில் தண்ணீர் வைத்துக் குடித்தார்களாமே. நஞ்சாகாதா?

ப: குடுவை எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தால் பதில் எளிது. கோரையால் கழுத்துக் குறுகிய குடுவையை நெருக்கமாகப் பின்னுவார்கள். உடைத்த தார்த் துண்டுகளை உள்ளே போட்டு, தீயில் சுட்ட கூழாங்கற்களையும் போட்டு, குடுவையைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே இருப்பார்கள். கல் உருண்ட இடமெல்லாம் தார் உருகிப் பின்னல் சந்துகளில் இறங்கும். கல் அதிகம் சுட்டுவிட்டால் கோரை கருகித் துளை விழும். சூடு குறைந்தால் கல்லே தாரில் ஒட்டிக்கொண்டு வெளியே வராது. சுழற்றுவதை ஒரு நொடி நிறுத்தினாலும் ஒரே இடத்தில் கட்டியாகிவிடும். தொல்களங்களில் ஒரே அளவான, தார் படிந்த சிறு கூழாங்கற்கள் குவியலாகக் கிடைக்கின்றன. கோரை மட்கிப்போனாலும், அந்த இடத்தில் குடுவை செய்தார்கள் என்று சொல்லிவிடுவது அந்தக் கற்கள்தான்.

இனி நஞ்சு. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் இதே முறையில் குடுவை செய்து அளந்து பார்த்தார்கள். தாரிலுள்ள பாலிசைக்ளிக் அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன் என்ற நச்சுக் கூட்டம் தண்ணீரில் மிகக் குறைவாகவே இறங்கியது. எண்ணெய் வைத்துப் பார்த்தபோது கூடுதலாக இறங்கியது, ஏனென்றால் அவை கொழுப்பில் கரைபவை. கவலைப்படும் அளவு இருந்தது தார் உருகும்போது எழும் புகையில். எனவே ஆபத்து குடித்தவருக்கு அல்ல, செய்தவருக்குத்தான் அதிகம். யாராவது செய்து பார்க்க நினைத்தால் திறந்த வெளியில், காற்று முதுகுப்பக்கமிருந்து வீசும்படி உட்காருங்கள்.

கே: ஓக் கொட்டையின் துவர்ப்பை எப்படி எடுத்தார்கள்? வெந்நீரா, தண்ணீரா?

ப: சூமாஷ்கள் விரும்பியது கடற்கரை ஓக்கின் கொட்டை. இலையுதிர் காலத்தில் பொறுக்குவார்கள். சிறு துளை இருந்தால் உள்ளே வண்டுப்புழு தின்றிருக்கும். நீரில் போட்டால் அப்படிப்பட்டது மிதக்கும். நல்லதை நன்றாக உலர்த்தியே சேமிக்க வேண்டும். ஈரத்தோடு வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். தோலை உடைத்து, பருப்பின்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய செம்பழுப்புச் சவ்வையும் தேய்த்து நீக்க வேண்டும். சவ்வு மிஞ்சினால் மாவில் கசப்பு நிற்கும்.

பிறகு கல் உரலில் இடித்தல். இதில் அவசரம் கூடாது. மாவு நைசாக இல்லாவிட்டால் குருணைக்குள் இருக்கும் துவர்ப்புப் பொருளைத் தண்ணீர் எட்டாது. எத்தனை முறை ஊற்றினாலும் நாக்கு ஒட்டும். இடித்த மாவை மணலில் குழித்த பள்ளத்திலோ கூடையிலோ பரப்பி, நீரை மெதுவாக, மாவு கலையாதபடி ஊற்றுவார்கள். முதலில் வடியும் நீர் பழுப்பாக வரும். தெளிந்த நீர் வரும்வரை ஊற்றி, ஒரு சிட்டிகை மாவை வாயில் போட்டுப் பார்ப்பதுதான் சோதனை.

வெந்நீர் ஊற்றினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் மாவுச்சத்து வெந்துவிடுவதால் பிறகு கூழ் கெட்டிப்படாது, கொழுப்பின் ஒரு பகுதியும் போய்விடும். தண்ணீரில் கசப்பெடுத்த மாவு நன்றாக இறுகும். சமைத்தது மாக்கல் சட்டியில். அந்தக் கல் சாண்டா கடலினா தீவிலிருந்து வந்தது, அது டோங்வா என்ற வேறொரு பூர்வகுடி மக்களின் தீவு. மாக்கல் நேரடித் தீயைத் தாங்கும், வெடிக்காது.

துவர்ப்பு வேறு, நஞ்சு வேறு என்பதையும் சொல்லிவிடுகிறோம். 'இஸ்லாய்' என்ற காட்டுச் செர்ரியின் கொட்டைப் பருப்பையும் அவர்கள் உணவாக்கினார்கள். அதில் சயனைடை வெளியிடும் பொருள் உண்டு. நசுக்கி, ஊறவைத்து, நீர் மாற்றி, வேகவைத்த பிறகே உண்பார்கள். படித்ததை நம்பி வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.

கே: தீவுகளில் ஓக் குறைவு என்கிறார்கள். தீவு மக்கள் மாவுச்சத்துக்கு என்ன செய்தார்கள்?

ப: 'புளூ டிக்ஸ்' என்ற நீலப்பூச் செடியின் சிறு கிழங்கு. பூ முடிந்ததும், கனத்துக்காகத் துளையிட்ட கல் வளையம் மாட்டிய கூர்க்கோலால் கிளறி எடுப்பார்கள். மண் அடுப்பில் சுடுவார்கள். தாய்க்கிழங்கைச் சுற்றி ஒட்டியிருக்கும் குட்டிக் கிழங்குகள் கிளறும்போதே உதிர்ந்து மண்ணில் தங்கி அடுத்த பருவத்துக்கு முளைக்கும். தோண்டுவதே விதைப்பும் ஆகிறது. சாண்டா குரூஸ் தீவின் தொல்களங்களில் கருகிய கிழங்குகள் கிடைத்ததிலிருந்து, தீவில் பயிருணவு குறைவு என்ற பழைய கருத்து ஆட்டம் கண்டது. பின்னாளில் கொண்டுவந்து விட்ட ஆடுகள் மேய்ந்து தீர்த்த நிலத்தைப் பார்த்துத்தான் ஆய்வாளர்கள் அப்படி எண்ணிவிட்டார்கள். ஆடுகளை அகற்றிய பிறகு நீலப்பூ மீண்டும் விரிந்திருக்கிறது.

கே: சிப்பிக் காசு என்பது உண்மையிலேயே பணமா, அணிகலனா?

ப: இரண்டும். சிப்பியில் வெட்டிக் கோத்த சிறு மணிகள்தான் இரண்டும். எந்த மணி எது என்பதைச் சிப்பியின் எந்தப் பகுதியில் வெட்டினார்கள் என்பது சொல்லும்.

ஒலிவெல்லா என்ற விரல்நுனி அளவு கடல்நத்தை ஓடுதான் மூலப்பொருள். அதன் சுவர்ப்பகுதி மெல்லியது; உடைத்தால் பல மணிகளுக்குத் துண்டு கிடைக்கும். வாய்ப்பகுதிக்கு அருகே மட்டும் ஓடு தடித்திருக்கும். தடித்த அந்தத் துண்டிலிருந்து பெரும்பாலும் ஒரே ஒரு மணிதான் எடுக்க முடியும், உழைப்போ பல மடங்கு. கடந்த சில நூற்றாண்டுகளில் பணமாகப் பெருகியது இந்தத் தடித்த மணிதான். பணத்துக்கு வேண்டியது அதுவே: எளிதில் பெருக்க முடியாமை. மெல்லிய மணிகளும் அதற்கு முன்பே பணமாகப் புழங்கின என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு.

செய்முறையை அருகிலிருந்து பார்ப்போம். ஓட்டை உடைத்துத் துண்டாக்கி, ஓரத்தைக் கொத்திக் கொத்தி ஏறக்குறைய வட்டமாக்குவார்கள். அடுத்தது துளை. சாண்டா குரூஸ் தீவின் கிழக்குப் பகுதியில் கிடைக்கும் செர்ட் என்ற கடினக் கல்லிலிருந்து மெல்லிய சிம்புகளைத் தட்டி எடுத்து, முனையைச் செதுக்கித் துரப்பணமாக்குவார்கள். ஓரத்தை முடித்துவிட்டுத் துளை போடப் போனால் மணி பிளந்து எல்லா உழைப்பும் வீண். ஆகவே துளைதான் முதலில். பிறகு மணிகளைக் கயிற்றில் நெருக்கமாகக் கோத்து, மணற்கல் பலகையில் மொத்தமாக உருட்டித் தேய்த்தால் எல்லாம் ஒரே வட்டத்துக்கு வரும். தீவின் களங்களில் முழு மணியைவிட உடைந்த மணிகளும் தேய்ந்த துரப்பண முனைகளுமே அதிகம் கிடைக்கின்றன. மணிச்சரத்தைக் கையைச் சுற்றி அளந்து மதிப்பிடுவார்கள்.

காலம் அறிய ஒரு நுணுக்கம்: துளையைப் பாருங்கள். கல் துரப்பணம் போட்ட துளை அகலமாக, உள்நோக்கிச் சரிவாக இருக்கும். சுமார் 1 மில்லிமீட்டரில், பக்கம் நேராக இறங்கும் துளை என்றால் இரும்பு ஊசி வந்த பின் செய்தது, அதாவது மிஷன் காலம்.

கே: கடற்கரையில் சிப்பிக் குவியல் பார்த்தால், இயற்கையா, மனிதர் குவித்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: அலை குவித்ததில் சிறிதும் பெரிதும் எல்லா இனமும் கலந்திருக்கும், ஓரங்கள் உருண்டு மழுங்கியிருக்கும். மனிதர் குவித்ததில் உண்ணத்தக்க இனங்களே மிகும். அளவும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். மண் கருத்துப் பிசுபிசுக்கும். கரித்துண்டு, நெருப்பில் வெடித்த கல், மீன் முள், கடல் சிங்க எலும்பு, கல் சில்லு எல்லாம் ஊடே கிடக்கும். இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் முடிவு செய்ய வேண்டாம். மூன்று நான்கு சேர்ந்திருந்தால் நம்பலாம்.

இந்தக் குவியல்களுக்குத் தீவுகளில் ஒரு பெரிய நன்மை உண்டு. பெருநிலத்தில் கோபர் என்ற வளைதோண்டும் எலி மண்ணைக் கிளறி, மேலடுக்கைக் கீழும் கீழடுக்கை மேலும் ஆக்கிவிடும். தீவுகளில் கோபர் கிடையாது. அதனால் விரல்கனமுள்ள அடுக்குகூட அப்படியே நிற்கிறது.

சலிப்பதில் நடக்கும் தவறு ஒன்றும் முக்கியம். கால் அங்குலச் சல்லடையில் சலித்தால் மத்தி, நெத்திலி முள்ளெல்லாம் கீழே விழுந்துவிடும். "இவர்கள் பெரிய மீனைத்தான் தின்றார்கள்" என்று தவறாக எழுதிவிடுவோம். எட்டில் ஒரு பங்கு அங்குலம் வேண்டும்; மணிகளுக்கு அதைவிட நுண்ணிய கண்.

காலக் கணிப்பிலும் பொறி இருக்கிறது. கடலின் ஆழத்திலிருந்து மேலெழும் பழைய நீரில் வளர்ந்த சிப்பி, கரி-14 முறையில் உண்மை வயதைவிடப் பல நூறு ஆண்டு கூடுதலாகக் காட்டும். அதற்கான திருத்தத்தைக் கழிக்க வேண்டும். அடுப்புக் கரியை எடுத்தாலும் தப்பில்லை என்று நினைக்காதீர்கள். ஒதுங்கிய ரெட்வுட்டை எரித்திருந்தால், அந்த மரம் அடுப்புக்கு வருமுன்பே பல நூற்றாண்டு வாழ்ந்திருக்கலாம். ஆண்டுக்கு ஆண்டு காயும் கிழங்கோ விதையோ கருகிக் கிடைத்தால் அதுதான் சிறந்த மாதிரி.

கே: அங்கே மனிதர் வந்து எவ்வளவு காலம்?

ப: 1959-இல் சாண்டா ரோசா தீவின் ஆர்லிங்டன் ஊற்றருகே கிடைத்த மனித எலும்புகளின் வயது சுமார் 13,000 ஆண்டு. அப்போது கடல் மட்டம் தாழ்ந்திருந்ததால் நான்கு தீவுகளும் சாண்டரோசே என்ற ஒரே பெருந்தீவின் பகுதிகள். கரைக்கும் அதற்கும் இடையே சில கிலோமீட்டர் கடலே இருந்தது. ஆனால் நிலப்பாலம் இல்லை. ஆக ஏதோ ஒரு மிதவை அன்றே இருந்தது. டோமோல் அதற்கு வெகு காலம் பிந்தியது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முன்பே வந்துவிட்டது என்பது வரை உடன்பாடு, எவ்வளவு முன்பு என்பதில் வாதம். பலகை மட்கிவிடும். பலகையின் வரியும் கயிற்றின் தடமும் பதிந்த தார்க் கட்டிகளே சாட்சி.

கே: சாண்டா பார்பராவுக்கு மேலே மலையிலுள்ள ஓவியக் குகையில் வரைந்திருப்பது சூரிய கிரகணமா?

ப: கருப்பு வட்டம் ஒன்று 1677 நவம்பர் 24 கிரகணத்தைக் குறிக்கலாம் என்பது ஓர் ஊகம். ஊகத்தை ஊகமாகவே வைத்துக்கொள்வது நல்லது. சிவப்பு இரும்புக் காவி, கருப்பு கரியோ மாங்கனீசோ என்பவை உறுதியானவை. வேறொரு குகையில், பின்வீல் குகையில், கூரைச் சந்துகளில் மென்று செருகிய சக்கைகள் ஊமத்தை இனச் செடியுடையவை என்று 2020-இல் வேதியியல் ஆய்வு காட்டியது. அங்கே வரைந்திருக்கும் சுழல் உருவம் அந்தப் பூ விரியும் தோற்றத்தோடு ஒத்துப்போகிறது. இப்படிப் பொருளும் படமும் ஒரே இடத்தில் கிடைத்தால் மட்டுமே ஓவியத்துக்குப் பொருள் சொல்லத் துணியலாம். ஓவியத்தைத் தொடாதீர்கள், கை எண்ணெய் பட்டால் காவி உதிரும்.

கே: நடைப்பயணத்தில் ஒரு மணி கிடைத்தால் எடுத்து அருங்காட்சியகத்தில் கொடுக்கலாமா?

ப: எடுக்கவே கூடாது, சட்டமும் அதுதான். இருந்த இடத்திலிருந்து பிரித்த மணி பாதிச் செய்தியை இழந்துவிடும். பக்கத்தில் ஒரு நாணயத்தை அளவுக்கு வைத்துப் படம் எடுங்கள்; இடத்தைக் குறித்துக்கொண்டு பூங்கா அலுவலரிடம் சொல்லுங்கள். இடத்தின் படத்தை இணையத்தில் போடாதீர்கள், திருடுபவர்களும் பார்ப்பார்கள். எலும்பு தெரிந்தால் படம்கூட வேண்டாம்; அது ஒரு குடும்பத்தின் முன்னோர்.

கே: சூமாஷ் மொழியை இன்று கற்க முடியுமா?

ப: முடியும். பார்பரேன்யோ என்ற சாண்டா பார்பராப் பகுதிச் சூமாஷ் மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசிப் பெண்மணி மேரி யீ 1965-இல் காலமானார். ஆனால் அவரும் அவருடைய தாயும் பாட்டியும் ஹாரிங்டனுக்குச் சொன்னவை எழுத்தில் இருக்கின்றன. சாண்டா இனேஸ் பகுதியின் சமாலா மொழிக்கு 2008-இல் அகராதி வந்தது, வகுப்புகளும் நடக்கின்றன.

தமிழர் காதுக்குப் பிடிக்கும் ஓர் இலக்கணம் அதில் உண்டு. ஒரு சொல்லில் 'ஸ்', 'ஷ்' இரண்டும் சேர்ந்து வராது. கடைசியில் எது வருகிறதோ, முன்னால் உள்ளதெல்லாம் அதற்கு மாறிவிடும். 'அவருடைய' என்பதற்கு முன்னொட்டு 'ஸ்-'. 'முன்பிருந்த' என்பதற்குப் பின்னொட்டு '-வாஷ்'. இரண்டும் ஒரு சொல்லில் சேர்ந்தால், கடைசி 'ஷ்' சொல் முழுவதையும் தாண்டிப் போய் முதல் 'ஸ்' ஒலியையும் 'ஷ்' ஆக்கிவிடும். பழகுகிறவர்கள் முதலில் தடுமாறும் இடம் இது. சொல்லின் கடைசியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் முதல் ஒலியைத் தொடங்க வேண்டும்.